சித்தப்பா முதுகு காட்டிய படலம்

இமயம் முதல் குமரி வரை நாயின் மனத்தைக் கரைத்துக் குடித்தவர் ஒருவர்தான் உண்டு. அவர் திண்டிவனத்தில் வசிக்கிறார் என்பதும், அவர் என் சித்தப்பா என்பதும் எனக்குக் கிடைத்த பாக்கியம். பெயர் சக்கரபாணி. நிலம் உண்டு, எங்கள் பக்கம் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலைக்கு ஒரு மண்டி உண்டு. இல்லாதது "ராவ் சாகிப்" பட்டம் ஒன்றுதான். அந்தக் குறையைத் தீர்க்கும் உத்தேசத்துடன், ஞாயிற்றுக்கிழமை தேநீருக்கு ஒரு வெள்ளைக்காரத் துரையை அழைத்திருந்தார்.

பட்டத்துக்கும் சித்தப்பாவுக்கும் நடுவே நின்றது ஜிம்மி.

விழுப்புரம் ஜங்ஷனில் ஒரு சட்டைக்கார, அதாவது ஆங்கிலோ இந்திய, எஞ்சின் டிரைவரிடம் வாங்கி வந்த நாய். அதற்கு இரண்டு குணங்கள். கோவணத்தோடு வரும் குடியானவனைக் கண்டால் குரைக்கும். பூட்ஸ் போட்டவரைக் கண்டால் மேலே தாவி முகத்தை நக்கும். முதல் குணத்தைச் சித்தப்பா "நிர்வாகத் திறமை" என்று மெச்சினார். இரண்டாவதைத்தான் துரை வருவதற்குள் திருத்த வேண்டியிருந்தது.

"நாய்கிட்ட தமிழ் பேசினா கெட்டுப்பூடும்டா. இங்கிலீஷ்லதான் அதட்டணும்" என்பது அவர் சித்தாந்தம். தினமும் காலையில் "சிட்டவுன்!" என்று தெருவே அதிர முழங்குவார். ஜிம்மி அவர் தோளில் ஏறி அதை ஆமோதிக்கும்.

சித்தி பாஞ்சாலிக்கு இங்கிலீஷ் தெரியாது என்ற குறை உண்டு. "நீங்க கத்தக் கத்த, கூட வெளையாடறீங்கன்னு நெனைச்சிக்கினு குதிக்குதுங்க. மேல ஏறுனா மொகம் குடுக்காம முதுகைத் திருப்பிக்கினு நில்லுங்க. நாலு காலும் தரையில வெச்சதும் ஒரு மல்லாட்டை போடுங்க."

"அப்போ குரைக்கிறது?" என்று, காலேஜ் லீவுக்கு வந்திருந்த நான் கேட்டேன்.

"ஆளுங்க பயந்து ஓடறாங்க இல்ல? தான்தான் ஜெயிச்சோம்னு நெனைச்சிக்குது. நம்ம ஊட்ல இன்னொருத்தரும் அப்பிடித்தான்."

சித்தி செய்தும் காட்டினார். ஜிம்மி தாவியது. சித்தி சுவரைப் பார்த்து நின்றார். ஜிம்மி கொஞ்சம் யோசித்தது, பிறகு உட்கார்ந்தது. மல்லாட்டை விழுந்தது.

சித்தப்பா வயிறு குலுங்கச் சிரித்தார். "பாத்தியாடா காலேஜு! நாய்க்கு லஞ்சம் குடுக்கறா ஒங்க சித்தி! நாய்க்கு முதுகு காட்டினவன் நம்ம வம்சத்திலேயே கெடையாது."

"துரைக்கு?" என்றேன்.

"துரைக்கா! செத்தாலும் காட்ட மாட்டேன்டா!"

ஞாயிற்றுக்கிழமை வந்தது, துரையின் காரும் வந்தது. மணியக்காரரும் கர்ணமும் மாலையோடு நின்றார்கள். சித்தப்பா புதுச் சரிகைத் தலைப்பாகையில் ஜொலித்தார். காரிலிருந்து முதலில் ஒரு பூட்ஸ் இறங்கியது. ஜிம்மி அதைக் கண்டுவிட்டது.

"சிட்டவுன்!" என்று கர்ஜித்தார் சித்தப்பா.

மணியக்காரரும் கர்ணமும் மாலையோடு தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். உட்காராதது ஜிம்மி மட்டும்தான். அது சித்தப்பாவின் கோட்டில் இரண்டு சேற்று முத்திரைகளைக் குத்திவிட்டு, துரையின் வெள்ளைக் கால்சராயை ஆசையோடு நோக்கியது. மறுபடியும் ஒரு "சிட்டவுன்!" ஜிம்மி இன்னும் உயரமாகத் தாவியது.

"முதுகுங்க! முதுகு!" என்று ஜன்னலிலிருந்து சித்தியின் குரல் வந்தது.

சித்தப்பா நாயைப் பார்த்தார். நாய்க்குப் பின்னால் நின்ற துரையைப் பார்த்தார். ஒருவருக்கு முதுகு காட்டினால் இருவருக்கும் காட்டியாக வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு மெல்லத் திரும்பினார்.

ஜிம்மி உட்கார்ந்தது.

சித்தப்பாவின் முகத்தைப் பார்க்க, துரைதான் அவரைச் சுற்றிக்கொண்டு வரவேண்டியிருந்தது. "பிரமாதம்! எப்படிப் பழக்கினீர்கள்?" என்று தம் பாஷையில் கேட்டார்.

"இங்கிலீஷ், சார். ஒன்லி இங்கிலீஷ்" என்று சித்தப்பா இடுப்பை வளைத்தார். தலைப்பாகை துரையின் பூட்ஸைத் தொட்டுவிடும்போல் இருந்தது.

ஜிம்மி அசையவில்லை. துரையைக் கண்டதும் காலில் விழும் கெட்ட பழக்கம் அந்த வீட்டில் இனி ஒருவருக்குத்தான் பாக்கி.

அந்த ஒருவரின் வலது கை கோட்டுப் பைக்குள் போயிற்று. ஏற்கெனவே அங்கே தயாராக இருந்த மல்லாட்டையில் ஒன்றை எடுத்து, முதுகுக்குப் பின்னால், சத்தமில்லாமல் கீழே போட்டது.