ஃபைலின் பூர்வீகம்

அந்த அலுவலகத்தில் காரணமில்லாமல் எதையும் செய்ய மாட்டார்கள். காரணம் இருந்தாலும் செய்ய மாட்டார்கள். அப்படிப்பட்ட இடத்துக்கு மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது: 'தினமும் புழங்கும் ஆங்கிலச் சொல் ஒன்றின் பூர்வீகத்தை ஆராய்ந்து, அதன்படி ஒழுகவும்.'

அதிகாரி ஒரு வாரம் அகராதியோடு மல்லுக்கட்டி, 'ஃபைல்' என்ற சொல்லைப் பிடித்தார். அதன் வேர்ச்சொல்லுக்கு லத்தீனில் நூல் என்று பொருள். அந்தக் காலத்தில் காகிதங்களை நூலில் கோத்துத் தொங்கவிடுவார்களாம். மறுநாளே ஃபைல் அட்டைகள் எல்லாம் பழைய பேப்பர் கடைக்குப் போயின. நூற்றுச் சொச்சக் காகிதங்கள் ஒரே நூலில் ஏறி, ஜன்னலுக்கு ஜன்னல் தோரணமாயின.

மகளின் பிறப்புச் சான்றிதழுக்காகத் தையல்காரி வந்தது அன்றைக்குத்தான். பள்ளியில் சேர்க்க அன்றே கடைசி நாள். விட்டால் ஒரு வருஷம் போச்சு.

"கையெழுத்தெல்லாம் ஆயிடுச்சும்மா. அதோ, நடுவுல தொங்குது," என்றார் எழுத்தர் பெருமையாக.

"எடுத்துக் கொடுங்கண்ணே."

"எப்படி? முன்னாடி இருக்கிற அறுபதையும் உருவணும். வரிசைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

"அப்ப அவங்களுக்கெல்லாம் கொடுத்துடுங்க."

"முதல் ஆளு ஊர்லயே இல்லையே!"

அதிகாரி எழுந்து வந்தார். "அவசரப்பட்டா வரலாறு கெட்டுப்போகும்மா."

"என் பொண்ணு படிப்பு கெடுதே சார்!"

"வரலாற்றுல அதுக்கும் ஒரு இடம் உண்டு."

தையல்காரி நூலைத் தடவிப் பார்த்தாள். பொத்தான் தைக்கக்கூட ஆகாத மட்ட ரகம். நாற்காலியில் ஏறினாள், தொழில் பழக்கத்தில் பல்லால் ஒரே கடி. காகிதங்கள் மழையாய்க் கொட்டின. காத்திருந்த கூட்டம் பாய்ந்து, கைக்கு வந்ததை மடித்துக்கொண்டு ஓடியது. அவளும் முத்திரை தெரிந்த ஒன்றை அள்ளிக்கொண்டு பள்ளிக்குப் பறந்தாள்.

'நூல் முறையால் அரை மணியில் அனைத்து விண்ணப்பங்களும் பைசல்' என்று அதிகாரி மேலே எழுதினார்.

பள்ளி எழுத்தர் முத்திரையைப் பார்த்தார், கையெழுத்தைப் பார்த்தார், ஒரு நகல் எடுத்துக்கொண்டு குழந்தையைச் சேர்த்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து மூச்சு வாங்கிய பிறகுதான் அவள் படித்தாள்: 'இருநூறு கோழிகள் வளர்க்க அனுமதி.'

"ஐயோ அண்ணி, யாராவது கேட்டா?" என்றாள் நாத்தனார்.

"படிச்சாத்தானேடி கேப்பாங்க!"

இப்போது அடுத்த தெருக் கோழிப்பண்ணைச் சுவரில் அவள் மகளின் பிறப்புச் சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. ஓரத்தில் மூன்று ஆய்வாளர்கள் 'சரி பார்க்கப்பட்டது' என்று கையெழுத்திட்டிருக்கிறார்கள். பண்ணைக்காரரும் அவளும் எதிரெதிரே வந்தால் மரியாதையாக வணக்கம் சொல்லிக்கொள்வார்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள்.