பந்துக்கு முன்னால் ஒரு தட்டு நாசி கண்டார்

ஒரு கால்பந்து அணியைத் தோற்கடிக்க மைதானத்தில் இறங்கவே தேவையில்லை. ஓரத்தில் குடை பிடித்து நின்றபடியே ஓர் அணியை நான் மண்ணைக் கவ்வ வைத்திருக்கிறேன். அது என் சொந்த அணி என்பதுதான் கொஞ்சம் சங்கடம்.

பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய கதை. பாகான் டாலாமில் எங்கள் அடுக்குமாடி வீடுகளுக்குப் பின்னால் இருந்த திடலில், சிவா என்ற தம்பி பெண் பிள்ளைகளுக்குப் பந்து விளையாடச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தான். அப்பா இருந்தும் இல்லாத வீட்டுப் பிள்ளைகள், படிப்பை எப்போது நிறுத்துவார்களோ என்று டீச்சர்கள் கவலைப்பட்ட பிள்ளைகள், பூட்டிய வீட்டு வாசலில் சாயங்காலத்தைக் கழிக்கிற பிள்ளைகள். பொம்பளைப் பிள்ளைகளோடு வெளியூர் போக ஒரு பொம்பளை வேண்டுமென்று என்னை மேனேஜர் ஆக்கினான். பந்து உருண்டை என்பதற்கு மேல் அந்த விளையாட்டில் எனக்கு ஒன்றும் தெரியாது. (ஃபேக்டரியில் லைன் லீடராக இருந்த திமிர் வேறு. நாற்பது பேரை மேய்க்கிறவளுக்குப் பதினோரு பிள்ளைகள் எம்மாத்திரம்?)

அந்தப் பதினொன்றில் தர்ஷினிக்குப் பதின்மூன்று வயது. கிளம்பிவிட்ட பஸ்ஸைத் துரத்திப் பிடிக்கிற கால். அவள் அம்மா மல்லிகாக்கா இரண்டு இடத்தில் துப்புரவு வேலை பார்த்தார். வீட்டில் இன்னும் இரண்டு சின்னப் பெண்கள். அடுத்த மாதத்திலிருந்து தர்ஷினியை அனுப்ப முடியாது, சின்னதுகளை யார் பார்ப்பது என்று சொல்லிவிட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு நாள் பள்ளிக்கு மட்டம் போட்டாலும் அந்த வாரம் பந்து கிடையாது என்பது சிவாவின் சட்டம்; அந்தப் பயத்தில்தான் தர்ஷினி பள்ளிக்கூடமே போய்க்கொண்டிருந்தாள். பந்து போனால் படிப்பும் போகும்.

நான் அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். ஒரே ஒரு மேட்ச் வந்து பாருங்கள், பார்த்த பிறகும் வேண்டாம் என்றால் வாயைத் திறக்கவே மாட்டேன் என்றேன். (நான் வாயை மூடுவதா? என் வீட்டுக்காரரே அதை ஒரு முறையாவது பார்க்க ஆசைப்பட்டார்.) மல்லிகாக்கா அரை நாள் லீவு எடுத்து நேராக மைதானத்துக்கு வருவதாக ஒப்புக்கொண்டார்.

மேட்ச், ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரைக்கு, கடலுக்கு அக்கரையில் ஜார்ஜ் டவுனில். சிவா மோட்டார் சைக்கிளில் முன்னாலேயே போய்விட்டான். பிள்ளைகளை ஃபெர்ரியில் கூட்டி வருவது என் பொறுப்பு. ஆளுக்கு ஒரு வாழைப்பழம், இரண்டு துண்டு ரொட்டி, தண்ணீர், அதற்கு மேல் எதுவும் வேண்டாம் என்று இரண்டு முறை சொல்லியிருந்தான்.

ஃபெர்ரியில் காற்று முகத்தில் அடிக்க, பிள்ளைகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாட்டுப் பாடினார்கள். ரொட்டியைக் கொடுத்தேன். தர்ஷினி தன்னுடையதைப் பைக்குள் வைத்தாள். ஏன் என்றால், தங்கச்சிகளுக்காம். காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். தண்ணி குடிச்சேன்க்கா என்றாள். மற்றவர்களைக் கேட்டால் அதே பதிலைத்தான் விதவிதமாகச் சொன்னார்கள்.

என் மனசு கேட்கவில்லை. வெறும் வயிற்றோடு பிள்ளையை வெளியே அனுப்புகிற வழக்கம் நம் வீடுகளில் உண்டா? ஃபெர்ரியை விட்டு இறங்கியதும் நேராகக் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைப் பக்கம் நடத்திக்கொண்டு போய், சோற்றின் மேல் குழம்பு குழம்பாக ஊற்றித் தரும் ஒரு நாசி கண்டார் கடையில் உட்கார வைத்துவிட்டேன்.

கடைக்கார அண்ணன் சோற்றை வைத்து, கோழியை வைத்து, குழம்பு எப்படி என்று கேட்டார். நான் ராணி மாதிரி கையை வீசி, "பாஞ்சிர்" என்றேன். கடையிலுள்ள எல்லாக் குழம்பையும் சோறு முங்குகிற அளவுக்கு ஊற்றுவது அது. ஊற்றிக்கொண்டே, பிள்ளைகள் எங்கே போகிறார்கள் என்று விசாரித்தார். பந்து விளையாட என்றேன். கரண்டி அப்படியே நின்றது.

"ஆட்டம் முடிஞ்சு வாங்கலா. சோறு எங்கயும் ஓடிடாது."

"சோறு ஓட வேணாம்ணே, புள்ளைங்க ஓடணும். நீங்க ஊத்துங்க."

ஊற்றினார். நான்கு பேர் இரண்டாம் தடவையும் சோறு வாங்கினார்கள். எல்லாருக்கும் ரோஸ் பால் வேறு. தர்ஷினி தட்டை வழித்துச் சாப்பிட்டதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பத்தரைக்கு விசில் ஊதினார்கள். எதிர் அணி ஓடியது. எங்கள் அணி கல்யாண வீட்டில் பந்தி முடிந்து வெற்றிலை தேடுகிறவர்களைப் போல நடந்தது. கோல்கீப்பர் கம்பத்தில் சாய்ந்து கண்ணை மூடிவிட்டாள். இரண்டாவது கோல் விழுந்த சத்தத்தில்தான் விழித்தாள். மாற்றி இறக்க வேறு ஆளும் கிடையாது. என் பக்கத்தில் மல்லிகாக்கா, வேலைச் சட்டையோடு நின்றார்.

ஆறு கோல் விழுந்த பிறகு தர்ஷினியின் காலில் பந்து மாட்டியது. ஒருத்தியைத் தாண்டினாள், இன்னொருத்தியையும் தாண்டினாள். முன்னால் கோல்கீப்பர் மட்டும்தான். மல்லிகாக்கா என் கையை இறுக்கிப் பிடித்தார். தர்ஷினி காலை ஓங்கினாள், அப்படியே குனிந்தாள், பாஞ்சிர் முழுவதையும் கோல் கம்பத்துக்கு முன்னால் திருப்பிக் கொடுத்துவிட்டாள். நடுவர் ஓடிவந்து கையைச் சட்டைப் பைக்குக் கொண்டுபோய், எந்தக் கார்டு என்று புரியாமல் நின்றார். யாரோ வாளியில் மணல் கொண்டுவந்தார்கள்.

சிவா வந்து மணலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "வாழைப்பழம்னு சொன்னேனேக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் புல்லில் உட்கார்ந்துவிட்டான்.

மகளின் முகத்தைத் துடைத்துவிட்டு மல்லிகாக்கா என்னிடம் வந்தார். கதை முடிந்தது என்று நினைத்தேன். என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். எல்லாவற்றையும் ஒப்பித்தேன், ரோஸ் பால் உட்பட. அவர் மைதானத்துப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"வீட்டுல பாதித் தட்டத் தங்கச்சிங்களுக்குத் தள்ளிட்டுத்தான் திம்பா. இன்னிக்குத்தான் வயிறு முட்டத் தின்னுருக்கா" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அடுத்த மேட்ச் எப்ப? சாப்பாட்டுப் பக்கம் நீங்க வராதீங்க. நான் கட்டிட்டு வர்றேன். சின்னதுங்களையும் தூக்கிட்டு வந்துர்றேன்" என்றார்.

சின்னதுகளும் திடலுக்கு வரலாம் என்ற சாதாரண யோசனை, நாற்பது பேரை மேய்த்த என் மண்டைக்கு அதுவரை எட்டவே இல்லை. இரண்டு பேரும் வந்தார்கள். பந்து பொறுக்கினார்கள், பிறகு உதைத்தார்கள். மல்லிகாக்காவின் இட்லியில் ஆளுக்கு இரண்டு, ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால். மீதியை வீட்டுக்குக் கட்டிக் கொடுத்துவிடுவார்.

தர்ஷினி இப்போது விளையாட்டு டீச்சர். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த அணியும் அவள் கையில்தான். புதிதாகச் சேரும் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு விதித்தாள் தருகிறாள். நேரத்துக்கு வர வேண்டும். பள்ளிக்கு மட்டம் போடக் கூடாது. மூன்றாவது விதி: மேட்ச் அன்று மேனேஜர் அக்கா வாங்கித் தரும் எதையும் சாப்பிடக் கூடாது. ஏன் என்று யாராவது கேட்டால் போதும், சுற்றியிருப்பவர்கள் கதையை ஆரம்பித்துவிடுவார்கள். ஆறு கோல் இப்போது பதினொன்றில் வந்து நிற்கிறது.

தாளின் அடியில் மேனேஜர் கையெழுத்துக்கு ஓர் இடம் உண்டு. ஒவ்வொரு முறையும் நான்தான் போடுகிறேன்.