நான் சிரிக்காத அங்கத வகுப்பு

சிரிப்பைப் பற்றிப் பாடம் நடத்திச் சம்பளம் வாங்குவதைப் போலச் சோகமான பிழைப்பு வேறு இல்லை. அறுபதுகளின் நடுவில், காஞ்சிபுரத்தில் ஒரு கல்லூரியில், நான் அந்தப் பிழைப்பில் இருந்தேன். பி.ஏ. ஆங்கில இலக்கிய மாணவர்களுக்கு, இடைக்கால இங்கிலாந்துக் கதைகளில் அங்கதம் என்ற பாடம். (தற்காலிக ஆசிரியன் தலையில் எந்தப் பாடத்தைக் கட்டுவார்கள் என்பது அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும்.)

வழிப்பயணம் போகிறவர்கள் மாறி மாறிச் சொல்லும் அந்தக் கதைகளின் ருசியே பதிலடிதான். மாவு அரைப்பவன் கதை சொன்னால் அதில் தச்சன் அசடு. தச்சன் வாயைத் திறந்தால் மாவு அரைப்பவன் திருடன். யார் சொன்னாலும் சாமியார் தின்னிப்பண்டாரம். "அடி வாங்கினவனும் சேர்ந்து சிரிக்கணும். அதுதான் அங்கதம்!" என்று முழங்கினேன். தொப்பைச் சாமியாராக மேடையில் நடந்தும் காட்டினேன். மாணவர்கள் பயபக்தியோடு குறிப்பெடுத்தார்கள்.

"சார், நீங்க நடந்து காட்னது அஞ்சு மார்க் கொஸ்டினா, பத்து மார்க்கா?" என்று ஒருவன் கேட்டான்.

இவர்களைச் சிரிக்க வைக்காமல் விடுவதில்லை என்று அன்றே முடிவு கட்டினேன்.

அதே சமயம் பக்கத்து ஊரான ஓரிக்கையில் எனக்கு ஒரு பெண்ணைப் பார்த்திருந்தார்கள். எனக்குப் பிடித்துவிட்டது. அவளுக்கும் பிடித்திருந்தது (இது இன்றுவரை எனக்கு ஆச்சரியம்). பெண்ணின் அப்பா மட்டும், "வேல பர்மனென்ட் ஆவட்டும் மாப்ள, அடுத்த முகூர்த்தத்துலயே தாலி" என்று சொல்லிவிட்டார்.

பர்மனென்ட் ஆக்குவது கல்லூரித் தாளாளர் கையில். அவர் பட்டு ஜவுளி முதலாளி. வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வார். "நோட்ஸ் மட்டும் டிக்டேட் பண்ணுங்க, போதும்" என்று பிரின்சிபால் என்னிடம் கெஞ்சினார். எனக்கோ வைராக்கியம். தாளாளர் எதிரிலேயே சிரிப்பை வரவழைத்துக் காட்டுகிறேன் என்று, அவர் வந்த அன்று வகுப்புக்குள் நுழைந்தேன்.

"இன்னைக்கு நீங்க கதை சொல்லுங்க. உங்க ஊர்த் தொழிலை வெச்சு. யாரை வேணும்னாலும் இடிக்கலாம்."

எல்லோரும் குறிப்பெடுக்கப் பேனாவைத் திறந்தார்கள். கடைசியில் நெசவாளி மகன் ஏகாம்பரம் எழுந்தான்.

"தமிழ்ல சொல்லலாமா சார்? எங்க தெருவுல ஒரு முதலாளி. நெய்றவனுக்குப் பட்டு நிறுத்துக் குடுப்பாரு, புடவைய நிறுத்து வாங்குவாரு. குடுக்கறது நல்ல மழை நாளா பாத்து. பட்டு ஈரத்த இழுத்துக்கினு கனமா இருக்குமில்ல? வாங்கறதுக்கு மட்டும் கத்திரி வெயில்ல வரச் சொல்லுவாரு. காஞ்சுபோயி எடை கொறஞ்சிடும். 'மீதிப் பட்டு எங்கடா, உங்க வூட்டு எலி தின்னுட்ச்சா?'ன்னு கேப்பாரு."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. ஆனந்தத்தில் எனக்கு அறிவு மழுங்கிவிட்டது.

"நிறுத்துங்க! சிரிக்காதீங்க! நாம ஏன் சிரிச்சோம்னு முதல்ல பார்ப்போம்" என்று கரும்பலகைக்கு ஓடி, 'சிரிப்புக்கான காரணங்கள்' என்று எழுதத் தொடங்கினேன்.

பின்னால் பெஞ்சு கிறீச்சிட்டது. தாளாளர் எழுந்து நின்றார். என் கல்யாணம் கண்ணெதிரே கரைவதைப் பார்த்தேன்.

"வாத்யாரே, நானும் ஒண்ணு சொல்லட்டுமா?" என்றார். "ஒரு நெசவாளிபா. முதலாளி குடுத்த பட்டுல கொஞ்சத்த ஒதுக்கிட்டான். எடைக்கு என்னா பண்றது? புடவைக்குக் கஞ்சியா ஊத்துனான். எடை சரியா வந்துட்ச்சி! கட்டிக்கினு போன பொண்ணால மணையில குந்தவே முடியல. நின்னுக்கினே தாலி கட்டுனாங்க."

ஏகாம்பரம்தான் முதலில் சிரித்தான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்ட பார்வையில் ஏதோ உடன்படிக்கை நடந்தது.

"இன்னோர் ஊர்ல ஒரு வாத்யாரு," என்று தாளாளர் ஆரம்பித்தார். "ஜோக்கு சொல்லுவாரு."

"சொல்லிட்டு, இருங்க, ஏன் சிரிக்கணும்னு சொல்றேம்பாரு" என்றான் ஏகாம்பரம்.

"அவருக்குக் கல்யாணம் ஆச்சுது. பொண்ணு அவரப் பாத்து சிரிச்சுது."

"வாத்யாரு போர்டாண்ட ஓடிப் போயி, காரணம் ஒண்ணு, காரணம் ரெண்டுன்னு எழுதுனாரு!"

பெஞ்சைத் தட்டிச் சிரித்தார்கள். வாசலில் நின்ற பிரின்சிபால்கூட வாயைத் துண்டால் மூடிக்கொண்டார். என் கையில் சாக்பீஸ். பலகையில் 'காரணம் 2'. அடி வாங்கினவனும் சிரிக்க வேண்டும் என்று முழங்கிய மகான் என்ன செய்தேன் தெரியுமா?

"சைலன்ஸ்! இதுல சிரிக்க என்ன இருக்கு?" என்று கத்தினேன்.

தாளாளர் மெதுவாக என் அருகில் வந்தார்.

"வகுப்பு அருமை தம்பி. பசங்க நல்லா கத்துக்கினு இருக்கானுங்க. வாத்யாருதான் இன்னும் கத்துக்கல. இன்னும் ஒரு வருஷம் போவட்டும்."

அடுத்த வருடம் அவர் வந்து அதே வாத்தியார் கதையைத் தொடங்கினார். அவர் முடிப்பதற்குள்ளேயே, வராண்டாவிலிருந்து பியூன் தண்ணீரோடு ஓடி வரும் அளவுக்குச் சிரித்தேன். பர்மனென்ட் ஆனது, தாலியும் கட்டினேன்.

அந்த ஒரு வருடக் காத்திருப்பை என் மனைவி மட்டும் மன்னிக்கவில்லை. மூத்தவனைப் பள்ளியில் சேர்த்த அன்று, "உங்கப்பா அன்னிக்குக் கொஞ்சம் சிரிச்சிருந்தா, நீ இந்நேரம் ரெண்டாங் கிளாஸுடா" என்றாள். அவன் பாஸ் ஆகும்போதெல்லாம், வேலைக்குப் போனபோது, கல்யாணத்தின்போது, இதையே சொன்னாள். இன்னும் ஆறு மாதத்தில் அவனுக்கு ரிட்டயர்மென்ட். போன வாரம் வந்து, ஆபீஸ் வேலை இடுப்பை ஒடிக்கிறது என்று சாய்ந்து உட்கார்ந்தான்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"உங்கப்பா மட்டும் அன்னிக்குச் சிரிச்சிருந்தா, நீ இந்நேரம் பென்ஷன் வாங்கிக்கினு வூட்ல இருப்பே!"