ஆப்பிரிக்க உடும்பின் தவக்காலம்

இயேசு மரி சூசை துணை

கம்பைநல்லூர்

அன்பு மகன் ஆண்டோவுக்கு அப்பா மரியசூசை எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நீ ஜெர்மனியில் சுகமாக இருப்பாய். இங்கே நானும் அம்மாவும் இருக்கிறோம். சுகமா என்று நீ கேட்கவில்லை, அதனால் எழுதவில்லை. போனில் பேசுகிற நேரமெல்லாம் உன் உடும்புக்கே சரியாகப் போய்விடுவதால், நீ கேட்ட சர்டிபிகேட்டோடு இந்தக் கடிதத்தையும் கூரியரில் வைக்கிறேன்.

'ஒரே வருசம்ப்பா, ஆப்பிரிக்கா உடும்பு, பேப்பரெல்லாம் பக்கா' என்று கூண்டோடு இறக்கிவிட்டுப் போனாய். வருசம் இரண்டாகிறது. உங்கம்மா ஞானமேரிக்கோ ஆக்கிப்போட ஆள் இல்லாத குறை. தினம் இரண்டு அவித்த முட்டை, கொத்துக்கறி, ஒருநாள் ஒகேனக்கல் மீன் வறுவலைக்கூட முள்ளெடுத்து ஊட்டினாள். வயிறு தரையில் தேய நாலடி நடந்து படுத்துக்கொண்டது. கூடையில் வைத்து சேலத்து டாக்டரிடம் பஸ்ஸில் கொண்டுபோனேன். தொப்பூரில் லாரி கவிழ்ந்து இரண்டு மணி நேரம் நின்றபோது, கூடையில் என்ன என்று கேட்ட அம்மாளிடம் உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். அதற்குப் பிறகு அந்த சீட்டில் நான் மட்டும்தான். டாக்டர் கல்லீரல் கொழுத்துவிட்டது என்றார். முட்டையும் கறியும் ஆகாதாம். வெட்டுக்கிளி, கரப்பான், நத்தை, மேலே கால்சியம் பொடி, இல்லாவிட்டால் ஆறு மாதம் தாங்காதாம். அதைச் சொன்னதிலிருந்து, மாதம் ஒருமுறை கூப்பிட்டவன் நீ தினமும் கூப்பிடுகிறாய். எடுத்ததும் 'இன்னிக்கு என்ன சாப்ட்டுது?' என்கிறாய். நான் என்ன சாப்பிட்டேன் என்று கேட்டால் களியும் கீரையும் என்று சொல்லலாம் என்றிருந்தேன்.

அதற்குள் தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன் வந்தது. வூட்டில் நாற்பது நாளும் கவிச்சி கிடையாது. பங்குப் பேரவைச் செயலாளரான என் வூட்டுக் கூண்டில் மட்டும் எப்படி என்று மனசு ஒப்பாமல் வெள்ளரிக்காயும் பீன்ஸும் நறுக்கி வைத்தேன். எட்டு நாள் அது என்னையும் வெள்ளரிக்காயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு கிடந்தது. பயந்துபோய்ப் பங்குச் சாமியாரிடம் கேட்டேன். நோயாளிக்கு நோன்பும் ஒறுத்தலும் கடமையில்லை, உடும்புக்கு எப்போதுமே இல்லை என்றார். பூசை முடிந்து வந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

அப்புறம் வெட்டுக்கிளி. மருந்தடிக்காத காட்டுல புடிக்கணுமாம். பக்கத்துக் காட்டு முனியப்பன்கிட்ட ஒரு வரப்போரம் மட்டும் மருந்தடிக்காம விடுங்கன்னு கேட்டேன். அவர் முதுகில் இருந்த மருந்தடிக்கிற மெசினைக் கீழே இறக்கி வைத்துவிட்டு, "பூச்சி வேணும்னு கேக்கற மொத ஆளு நீங்கதானுங்க," என்றார். அறுபத்தாறு வயசுல, முட்டிவலியோட, கொசுவலையத் தூக்கிக்கிட்டு நான் தினம் வெட்டுக்கிளி பின்னாடி ஓடறேன். இவ்வளவு பண்ணியும் ஞாயித்துக்கிழமை எடை போட்டா குறையல, ஏறுது. கூண்டு மூலையில முட்டை ஓடு கெடக்குது. தவக்காலத்துல முட்டை எப்படிப்பா வூட்டுக்குள்ள வரும்? உங்கம்மாவைக் கேட்டா முறைக்கறா. பத்து நாளா எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை இல்ல. இது என் கையில செத்தா அந்தப் பாவம் எனக்கு வேணாம். ஈஸ்டருக்குள்ள வந்து கூட்டிக்கிட்டுப் போ. இல்லன்னா ஓசூர்ல மாதவராஜ்னு ஒருத்தர் கேட்டிருக்காரு, பேப்பரோட குடுத்துடுவேன்.

தேவமாதா உன்னைக் காப்பாளாக. பனியில் காதை மூடிக்கொண்டு போ.

இப்படிக்கு,
அப்பா மரியசூசை

பி.கு.: ஆண்டோ, அம்மா எழுதறேன். அப்பா கவர் வாங்கப் போயிருக்காரு. முட்டை குடுக்கறது நான் இல்ல கண்ணு, டாக்டர் சொன்ன அன்னிக்கே விட்டுட்டேன். நேத்து இதை எழுதி முடிச்சிட்டு நேரா கூண்டுக்குத்தான் போனாரு. சட்டைப் பையில இருந்து எடுத்து உரிச்சிக்கிட்டு இருந்தப்ப கையும் களவுமாப் புடிச்சேன். "இது எளைச்சி நல்லாயிட்டா அவன் பழையபடி மாசத்துக்கு ஒருக்காதான் கூப்புடுவான் மேரி"ன்னாரு. மாதவராஜ்னு யாரும் இல்ல. முட்டைய நான் நிறுத்திட்டேன். நீ போனை நிறுத்திடாத.