மலையில் உருண்ட டேட்டாபேஸ்

புதிதாக வேலை கிடைத்தவன் அந்த வேலையைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனால் போதும். அதை ஊருக்குக் காட்டவேண்டும் என்று ஆசைப்பட்டால் கெட்டான். நான் காட்டினேன். அதுவும் ஜவ்வாது மலையில், பட்டப்பகலில், ஊரே கூடியிருந்த களத்துமேட்டில் வைத்து.

எண்பதுகளின் கடைசியில் மெட்ராஸில் ஒரு கம்ப்யூட்டர் மையத்தில் டேட்டாபேஸ் நிர்வாகியாக இருந்தேன். (உதவி நிர்வாகி. ஊரில் அந்த 'உதவி'யை நான் சொன்னதில்லை.) ஒரு கூடம் முழுக்க அடைத்துக்கொண்டு நிற்கும் மெயின்பிரேம். அதற்குள் அட்டவணை அட்டவணையாக, வரி வரியாக, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து வைத்துவிட்டுக் காத்திருப்பவர்களின் பட்டியல். யார் எந்தத் தேதியில் பதிந்தார்கள் என்பதுதான் அதில் உயிர்நாடி, ஏனென்றால் முன்னால் பதிந்தவருக்குத்தான் இன்டர்வியூ கார்டு முன்னால் போகும். எங்கள் மலையும் அடிவாரமும் சேர்ந்த பகுதிக்கான பழைய அட்டைகளைக் கரையான் அரித்துக்கொண்டிருந்தது. அரித்தது போக மிஞ்சியதை ஆறு பெண்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து டைப் அடித்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை அதை நான் மெஷினில் ஏற்றினேன். அந்தப் பட்டியலில் என் அக்கா செல்வியின் பெயரும் இருந்தது. ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு நான்கு வருடமாகக் காத்திருந்தாள்.

எங்கள் தலைமை நிர்வாகி சரோஜா மேடத்துக்கு ஒரே ஒரு விதி. புதிதாக எதை ஏற்றினாலும் டேப்பில் இரண்டு காப்பி எடுக்கவேண்டும். ஒன்று மெஷின் கூடத்தில் இருக்கும். இன்னொன்று வேலூர் கிளையின் இரும்பு பீரோவுக்குப் போகும். சனிக்கிழமை ஊருக்குப் போகிற வழியில் அதைக் கொண்டுபோய்க் கொடுப்பது என் பொறுப்பு.

"ரெண்டு காப்பியும் எடுத்துட்டியாப்பா?"

"எடுத்துட்டேன் மேடம்."

எடுத்தது ஒன்றுதான், வேலூருக்குப் போவது. இன்னொன்று எடுக்க ஒரு மணி நேரம் பிடிக்கும். திங்கட்கிழமை வந்து எடுத்துக்கொண்டால் வானம் இடிந்து விழுந்துவிடுமா என்று நினைத்தேன்.

வேலூர் போய்ச் சேர்ந்தபோது கிளை பூட்டிக் கிடந்தது. டேப்பை அணைத்துக்கொண்டு போளூருக்குப் போய் மலை பஸ் ஏறினேன். வழியெல்லாம் கண்டக்டர் உட்பட ஐந்து பேருக்கு அது என்னவென்று விளக்கினேன். யாரும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை களத்தில் சாமை அடித்துக்கொண்டிருந்தார்கள். நான் டேப்போடு போய் நின்றேன்.

"இன்னாடா மாப்ள இது, ரிப்பனா?" என்றார் பெரியசாமி மாமா.

"இதுக்குள்ள நம்ம மலைல வேலைக்குப் பதிஞ்ச அத்தினி பேரும் இருக்காங்க மாமா."

அக்கா முறத்தைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். "என் பேரு இருக்குதா?"

"இருக்குதுக்கா."

"எங்க, காட்டு."

கண்ணுக்குத் தெரியாது, காந்தத்தில் எழுதியிருக்கிறது என்று விளக்கினேன். மாமா சிரித்த சிரிப்பில் சாமை பறந்தது. "தெரியாத எழுத்தா? யாருக்குடா காது குத்துற? மெட்ராஸ்ல இதுக்கா சம்பளம் குடுக்குறாங்க?"

அங்கேதான் எனக்கு ரோஷம் வந்தது. உறையைக் கழற்றினேன். சக்கரத்தில் சுற்றியிருந்த நாடாவை இரண்டு முழம் உருவி வெயிலில் பிடித்துக் காட்டினேன். உருவிய கைக்குத் தெரிந்தது பிடித்த கைக்குத் தெரியவில்லை போலும், சக்கரம் நழுவி விழுந்தது. விழுந்தது படுத்திருக்கக் கூடாதா? நிமிர்ந்து நின்று, களத்தின் விளிம்பைத் தாண்டிச் சரிவில் உருண்டது.

அறுத்த சாமைத் தாளின் மேல் எங்கள் டேட்டாபேஸ் வேகமெடுத்து ஓடியது. பின்னாலேயே பழுப்பு நாடா விரிந்துகொண்டே போனது. அதன் பின்னால் நான், என் பின்னால் நாய். முழு டேப்பின் நீளம் அரை மைலுக்குக் கொஞ்சம் குறைவு. அது எவ்வளவு தூரம் என்று அன்றைக்குத்தான் எனக்குக் காலில் தெரிந்தது. அடியில் இருந்த பலாமரத்தில் முட்டிச் சக்கரம் நின்றபோது அதில் விரற்கடை கனம்தான் பாக்கி. மேலே ஒரு வெள்ளாடு நாடாவின் நுனியை நிதானமாக மென்றுகொண்டிருந்தது.

அக்கா சரிவில் இறங்கி வந்தாள். "இது கெட்டுப்போனா இன்னாடா ஆவும்?"

"ஒண்ணும் ஆவாதுக்கா, மெட்ராஸ்ல இன்னொரு காப்பி..." என்று தொடங்கியவன் அப்படியே நின்றுவிட்டேன். பிறகு உண்மையைச் சொன்னேன். மெஷின் நன்றாக இருக்கும்வரை கவலையில்லை, அது படுத்துவிட்டால் இதுதான் எல்லாம் என்றேன்.

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முந்தானையை இழுத்துச் செருகினாள். "எந்தப் பக்கம் எழுத்து?"

"உள்பக்கம்."

"யாரும் அந்தப் பக்கம் கை வைக்காதீங்க! ஓரத்தப் புடிங்க! அத்தே, ஆட்டத் தொரத்து!"

களத்தில் இருந்த அத்தனை பேரையும் சரிவு நெடுக வரிசையாக நிறுத்தினாள். நாடாவைத் தரையிலிருந்து தூக்கிப் பிடிக்க வைத்தாள். உலக்கையில் துணியைத் தடிமனாகச் சுற்றிச் சக்கரத்தை மாட்டி, இரண்டு பக்கமும் ஆள் பிடிக்க, தானே சுற்றினாள். சக்கரத்துக்கு வரும் முன் நாடாவை இரண்டு அத்தைகள் வெளுத்த பழைய வேட்டியால் துடைத்தார்கள். அடி அடியாக மேலே ஏறினோம். மாமாவும் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னை மட்டும் அவள் தொடவிடவில்லை. களத்துக்கு வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது.

திங்கட்கிழமை வேலூர் கிளையில் நுழைந்ததுமே அங்கிருந்த அதிகாரி எழுந்துவிட்டார். "மெட்ராஸ்லேர்ந்து மூணு போன் வந்தாச்சு. மெஷின்ல டிஸ்க் போயி பட்டியலே அழிஞ்சிடுச்சாம். அங்க இருக்கிற காப்பி எங்கன்னு மேடம் தேடுறாங்க." டேப்போடு அப்படியே மெட்ராஸுக்கு ரயிலேறினேன்.

மேடம் உறையைத் திறந்தார். நாடாவின் இடுக்கிலிருந்து எதையோ நகத்தால் எடுத்தார்.

"என்னப்பா இது?"

"சாமை உமி, மேடம்."

எல்லாவற்றையும் சொன்னேன். ஆட்டைக்கூட விடவில்லை. அவர் ஆடு மென்ற நுனியைக் கத்தரித்தார். (நுனியில் பத்தடிக்கு எழுத்தே இருக்காது. அந்த ஆடு விவரமான ஆடு.) டேப்பைச் சுத்தம் செய்யும் மெஷினில் ஒருமுறை ஓட்டிவிட்டு, மீட்புக் கட்டளையைக் கொடுத்தார். டேப் ஓடியது, நின்றது. பின்னால் வந்து மறுபடி ஓடியது. இரண்டு இடத்தில் அப்படித் திக்கியது. அதன் பிறகு திக்காமல் கடைசிவரை போனது.

கம்ப்யூட்டர் திரையின் முன் உட்கார்ந்து அக்காவின் பெயரைக் கேட்டேன். பச்சை எழுத்தில் ஒரே ஒரு வரி வந்தது. செல்வி, பதிந்த தேதி, எல்லாம் சரியாக. நான் அழுததை மேடம் பார்க்காத மாதிரி இருந்துகொண்டார்.

"யாரு சுத்தினது?"

"எங்க அக்கா, மேடம்."

"நம்ம ஆபரேட்டருங்க சுத்துறதவிட ஒழுங்கா இருக்கு" என்றார். அதே கையோடு எனக்கு ஒரு மெமோவும் கொடுத்தார். வாழ்க்கையில் பெருமையாக எடுத்து வைத்திருக்கும் ஒரே மெமோ அதுதான்.

அடுத்த வருடம் அந்தப் பட்டியலிலிருந்து அக்காவுக்குக் கார்டு வந்தது. மலையிலேயே ஆசிரியை ஆனாள், பிறகு தலைமை ஆசிரியை. அவளுடைய பணி நிறைவு விழாவில், கம்ப்யூட்டர் துறையில் பெரிய பதவிகள் வகித்தவர் என்று என்னையும் மேடையேற்றினார்கள். நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்த நேரம் பார்த்து அக்கா மைக்கைப் பிடித்தாள்.

"எல்லாருக்கும் வேலை தபால்ல வரும். என் வேலை மலைமேலேர்ந்து உருண்டு ஓடிச்சு. உருட்டி வுட்டவரு இதோ, மாலையோட குந்திக்கினு இருக்காரு. நான் தொரத்தினு போயி, புடிச்சி, சுத்தி எடுத்தாந்து முப்பது வருசம் பார்த்தேன்."

எல்லோரையும்விடச் சத்தமாகக் கை தட்டியவன் நான்தான்.