நாமக்கல் உடையப்பன்

"வாயத் தொறக்காத குமுதா. நீ பேசுனா மலேசியா, பத்தாங் பெர்ஜுந்தாய்னு தெரிஞ்சிரும்."

அரண்மனை வாசலில் உடையப்பன் மனைவியிடம் கிசுகிசுத்தார். டிக்கெட் பலகையில் இரண்டு விலை: உள்நாட்டவருக்கு ஐம்பது ரூபாய்; வெளிநாட்டவருக்கு அறுநூறு.

"கட்டித் தொலைங்களேன். பன்னெண்டரைக்கு நடை சாத்திருவாங்க. ராத்திரி பிளைட்டு."

குமுதா கையில் அரக்குச் சேலை. அரண்மனைக்குள் இருக்கும் அம்மனுக்கு மாமியார் நல்லம்மாள் நேர்ந்துகொண்டது. முட்டி தேய்ந்ததால் கிழவி வரவில்லை. சேலை சாத்தியதும் போன் வரும் என்று மலேசியாவில் காத்திருந்தாள்.

"எந்தாத்தா பொறந்தது நாமக்கல்லு. நான் எப்படி வெளிநாடு?"

கவுண்டரில் இருந்தவர், "எந்த ஊரு?"

"நாமக்கல்லுலா." பழக்கதோஷத்தில் மலேசிய 'லா' ஒட்டிக்கொண்டது.

"லாவா?"

"எங்க தெருவுல அப்படித்தான் பேசுவோம்."

"அந்தம்மா பேசமாட்டாங்களா?"

"மௌன விரதம்."

குமுதா முறைத்தாள். விரதத்தில் முறைக்கத் தடையில்லை.

ஐம்பது ரூபாய் டிக்கெட்டோடு வெற்றிவீரராகத் திரும்பிய உடையப்பன் வரிசையைப் பார்த்தார். மூன்று பள்ளிக்கூடங்களின் பிள்ளைகள் முன்னால் நின்றார்கள். வெளிநாட்டவர் வாசலில் மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

பன்னிரண்டு மணிக்குக் காவலாளி ஒருவர் வரிசையோரம் வந்தார். "வெளிநாட்டுலேருந்து வந்தவங்க யாராச்சும் இருக்கீங்களா?"

"செக்கிங்கு!" உடையப்பனுக்கு வியர்த்தது. குமுதா தூக்கிய கையை இழுத்து இறக்கினார். காவலாளி மறுபடி வந்தபோது தூணுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டார்.

சன்னதியை அடைந்தபோது மணி பன்னிரண்டு ஐம்பது. அவர்கள் கண்ணெதிரே பூட்டு விழுந்தது. இனி நாலு மணிக்குத்தான் திறப்பு. நாலு மணிக்கு அவர்கள் விமான நிலையத்தில் இருக்க வேண்டும்.

குமுதா படியில் உட்கார்ந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. விரதம் இப்போது உண்மையாகிவிட்டது. உடையப்பன் சட்டைப்பையில் போன் அடித்தது. அம்மா. எடுக்கக் கை வரவில்லை.

அதே காவலாளியிடம் ஓடினார். "நாமக்கல்லுலேருந்து வர்றோம்ணே. ஒரே ஒரு சேலைதான், சாத்திட்டுப் போயிடறோம்."

"குருக்கள் கெளம்பிட்டாருங்க. இருபது நிமிசம் கூடுதலா நடையத் தொறந்து வெச்சுக் காத்திருந்தாரு, பாவம். மலேசியாவுலேருந்து நல்லம்மான்னு ஒரு அம்மா காலைல போன் போட்டு, 'எம்மவன் சேல கொண்டாரான், வரிசையில நிக்க விட்டுராதீங்க'ன்னு ஒரே அழுகையாம். நானும் ரெண்டு தடவ கூவிப் பாத்துட்டேன். ஏங்க நாமக்கல்லு, நீங்க காலையிலேருந்து வரிசையிலதான நின்னீங்க, அப்படி யாரையாச்சும் பாத்தீங்களா?"