சிவப்பா, மஞ்சளா, நீலமா?

இன்டர்நெட்டில் தொண்ணூறு சதவீதம் வரை ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த ஃபைல், செங்குட்டுவனின் கண்ணெதிரே கம்ப்யூட்டரோடு சேர்ந்து அணைந்தது. மின்விசிறி நின்றது. யுபிஎஸ் இரண்டு தடவை கீச்சிட்டு உயிரை விட்டது. திருவொற்றியூர் உப்புக்காற்றில் அதன் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது; கீச்சிடுவது வெறும் மரியாதைக்கு.

"யாரோ வேணும்னே பண்றாங்க!"

"கரண்டு போறதுக்கு ஆளு வேற வோணுமா?" என்றாள் மனைவி ரமாபாய், அடுப்படியிலிருந்து. "மணலி கம்பெனி வேலைய வுட்டுட்டு வூட்லயே குந்திகினு கம்ப்யூட்டர் தட்றேன்னியே, அப்பவே நெனச்சேன்."

அதுதான் அவனுக்குச் சுருக்கென்று தைத்தது. நிரந்தர வேலையை உதறிவிட்டு, கண்ணால்கூடப் பார்த்திராத பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வெப்சைட் செய்து கொடுக்கிறான். இரண்டு முறை தாமதமாகிவிட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் முழு வேலையும் வந்து சேராவிட்டால் இனிமேல் வேலையே கிடையாது என்று மானேஜர் போனில் சொல்லிவிட்டார். அப்புறம் மணலிக்குப் போய்ப் பழைய சூப்பர்வைசர் முன்னால் கைகட்டி நிற்க வேண்டியதுதான்.

அந்தக் கட்டடத்துக்குச் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று லைனில் கரண்ட் வரும். ஒன்று போனால், மாடிப்படிக்குக் கீழே அவரவர் பெட்டியைத் திறந்து, கைப்பிடியைச் சிவப்பிலிருந்து மஞ்சளுக்கோ நீலத்துக்கோ திருப்பிக்கொள்ள வேண்டும். செங்குட்டுவன் போய் மஞ்சளுக்குத் திருப்பினான். அந்தப் பெட்டிகள் மாட்டியிருந்த போர்டுக்கு எதிரே பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்த தாயம்மா, சட்டியில் கரண்டியை இரண்டு தட்டுத் தட்டினாள். அவன் மேலே வந்து, மோடம் கத்தி ஓய்ந்து, ஃபைல் பாதி போவதற்குள் மஞ்சளும் படுத்துவிட்டது. நீலத்துக்குத் திருப்பினான். கீழே டங், டங், டங். நீலம் அதைவிடச் சீக்கிரம் போனது.

இது தானாக நடக்கிற காரியமா?

முதல் சந்தேகம் அதே மாடியில் எதிர்வீட்டு ராமதாஸ் மேல். காசிமேட்டில் மீன் ஏலம் எடுப்பவர். மொட்டைமாடியில் கருவாடு காயப்போட்டதற்காகப் போன மாதம் அவரோடு செங்குட்டுவனுக்கு வாய்ச்சண்டை. அன்றிலிருந்து அவர் மனைவி கோவிந்தம்மா, அவன் கீழே இறங்கினாலே கதவிடுக்கில் எட்டிப் பார்க்கிறாள். அவன் திரும்பி வந்து உட்கார்ந்ததும் படியில் செருப்புச் சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்கிற முகத்தோடு நாலைந்து பேர் படியேறி வருகிறார்கள்.

லைன்மேன் ஜெயவேலைப் பிடித்துக் கேட்டான்.

"லோடு தாங்கல சார்."

"என் ஒத்த கம்ப்யூட்டரா லோடு?"

ஜெயவேல் தலையைச் சொறிந்துகொண்டே போனார். ராமதாஸ் வீட்டு வஞ்சிரம் இவர் வீட்டுக்கும் போகிறதோ? சந்தேகக் கணக்கில் ஜெயவேலும் சேர்ந்தார்.

செங்குட்டுவன் தன் பெட்டிக்குப் பூட்டுப் போட்டான். அப்படியும் கரண்ட் போனது; அவசரத்தில் சாவி கிடைக்காமல் அரைநாள் கூடுதலாகப் போனது. வியாழக்கிழமை முழுக்கப் படிக்குக் கீழே முக்காலி போட்டுக் காவல் இருந்தான். கரண்ட் இமைக்கக்கூட இல்லை. வேலையும் ஒரு வரி நகரவில்லை.

"பாத்தியா? நான் இருந்தா ஒருத்தனும் கை வெக்க மாட்டேன்றான்!"

"அப்போ அங்கயே குந்து. சம்பளம் தானா வரும்," என்றாள் ரமாபாய்.

கடைசியில் ஓர் உளவாளியை ஏற்பாடு செய்தான். நாள் முழுக்கப் போர்டைப் பார்த்தபடியே உட்கார்ந்திருக்கும் தாயம்மாவைவிடப் பொருத்தமான ஆள் யார்?

"யக்கா, போர்டு மேல ஒரு கண்ணு வெய்யி. எவன் தொட்டாலும் எங்கிட்ட சொல்லு."

"இத நீ சொல்லணுமா நைனா? என் கண்ணே அங்கதான் கீது."

வெள்ளிக்கிழமை மதியம். எதிரியைக் குழப்புவதற்காக, "சிவப்புக்கு மாத்தப் போறேன்!" என்று கட்டடமே கேட்கக் கத்திவிட்டுப் போய், சத்தமில்லாமல் நீலத்துக்குத் திருப்பினான். டங், டங், டங். மேலே ஓடி வந்தான். படியில் செருப்புச் சத்தம். கேட்காதவன்போல் உட்கார்ந்திருந்தான். தொண்ணூற்றைந்து. தொண்ணூற்றேழு. அவனுக்கு அழுகையே வந்துவிடும்போல இருந்தது. தொண்ணூற்றெட்டு.

கீச், கீச்.

லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பாய்ந்தான். வாசலிலேயே ராமதாஸ்.

"இன்னா தம்பி, இப்பிடிப் பண்ட்ட? பிரிட்ஜ் பூரா மீனு கீதுபா!"

"நான் பண்ணனா? செய்யறதையும் செஞ்சிட்டு என்னியே கேக்கறியா!"

அவரைத் தள்ளாத குறையாக விலக்கிக்கொண்டு கீழே ஓடினான். சாயங்காலத்துக்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது.

"யக்கா! யாரு கை வெச்சது? ராமதாஸா?"

"அவரும்தான். எல்லாருந்தான் நைனா."

"எல்லாருமா!"

"பின்ன? கம்ப்யூட்டர் படிச்ச புள்ள நீ, எந்த லைன்ல கரண்டு நிக்கும்னு உனுக்குத் தெரியாதா? நீ எதுக்குத் திருப்புறியோ, மொத்த பில்டிங்கும் அதுக்கே திருப்பிக்குது." தாயம்மா கரண்டியை ஓங்கிப் பிடித்தாள். "சீக்கிரம் சொல்லு, மேல அல்லாரும் செருப்ப மாட்டிகினு நிக்கறாங்க. இப்போ எத்தினி தட்டு தட்டட்டும்?"